தியெகுவான்யின்: முதலில் மூடியை முகருங்கள்

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில், ஆன்சி மலைப்பகுதியில் விளையும் ஊலாங் தேயிலை இது. உருண்டையாகச் சுருட்டிய இலை, வெந்நீர் பட்டதும் முழுசாக விரியும். 100 மி.லி. மூடிக்கோப்பைக்கு 7 கிராம். தண்ணீர் தளதளவென்று கொதித்திருக்க வேண்டும். ஆறிய நீரில் மணம் எழாது. முதல் நீரை உடனே வடித்துக் கொட்டிவிடுங்கள். அடுத்ததற்கு 20 விநாடி, பிறகு ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதல். அதே இலை ஐந்தாறு முறை தாங்கும்.

குடிக்குமுன் மூடியின் உட்புறத்தை முகருங்கள். ஆர்க்கிட் பூவின் வாசம் அங்கேதான் தங்கியிருக்கும். காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள் (சத்தம் வந்தால் வரட்டும்), மணம் மூக்கேறும். பால், சர்க்கரை கூடவே கூடாது. பச்சை வாசனை மாறாத வகையைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நன்கு வறுத்த வகைக்கு அலமாரியே போதும்.