தலைவாசலுக்கு எந்தக் கதவு?

கேள்வி: புது வீட்டின் தலைவாசலுக்குத் தேக்குக் கதவுதான் போட வேண்டுமா? இரும்புக் கதவு போதாதா?

பதில்: தலைவாசல் கதவு வெயில், சாரல், கரையான், திருடன் என நான்கையும் தாங்க வேண்டும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு; கரையான் எளிதில் அண்டாது. ஆனால் பலகையின் ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. தேக்கு என்ற பெயருக்காக வெள்ளை மரத்தை வாங்குவதைவிட வைரம் பாய்ந்த வேங்கை மேல்.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அல்ல, அகலத்தில்தான் உப்பும். அடைமழையில் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். சட்டத்துக்குள் பலகை பதித்த கதவில், பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் காடிக்குள் சும்மா செருகியிருப்பார்கள். உப்பவும் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். நன்கு உலராத மரமானால் இந்த ஏற்பாடும் உதவாது.

இரும்புக் கதவு உப்பாது, கரையானும் அரிக்காது. ஆனால் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் துரு பிடிக்கும். மேற்கு பார்த்த வாசலில் மதியத்துக்கு மேல் கை வைக்க முடியாமல் சுடும். ஓங்கி இடித்துக் குழிவிழுந்தால் சீர்செய்வதும் கடினம்.

எந்தக் கதவானாலும் நிலை வலுவில்லாவிட்டால் பூட்டு வீண். 7 அடி உயர மரக்கதவின் பாரத்துக்கு 3 கீல்களாவது தேவை. மாட்டுவதற்கு முன்பே அடிவிளிம்புக்கும் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். பிறகு அங்கே பிரஷ் நுழையாது.