வரலாற்று நாவலை நயத்தல்: ‘கோரம் போய்’

வரலாற்று நாவலைப் பற்றிய வினாவுக்குக் கதைச்சுருக்கத்தை எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடும் மாணவர்கள் பலர். கதைச்சுருக்கம் விடையாகாது. எது உண்மை, அதனுள் எது கற்பனை, அந்தக் கற்பனையால் எமக்கு என்ன புலப்படுகிறது என்பதையே எழுத வேண்டும். ஒரு நாவலைக்கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

பதின்ம வயதினருக்காக ஜமிலா கவின் எழுதிய ‘கோரம் போய்’ 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டே இங்கிலாந்தின் விற்பிரட் சிறுவர் நூல் பரிசைப் பெற்றது. ஆசிரியை 1941இல் இந்தியாவில் பிறந்தவர். தலைப்பிலுள்ள ‘கோரம்’ ஒருவரின் பெயர். எமது மொழியின் ‘கோரம்’ அல்ல. ஆயினும் கதையில் அதற்கும் குறைவில்லை.

வரலாறு

தோமஸ் கோரம் ஒரு கப்பற் கப்டன். இலண்டன் வீதியோரங்களில் வீசப்பட்டுக் கிடந்த சிசுக்களைக் கண்டு, அவர்களுக்கென ஓர் இல்லம் அமைக்க ஏறத்தாழ 17 ஆண்டுகள் பிரபுக்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். 1739இல் அரச அனுமதி கிடைத்தது. 1741இல் முதற் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். வந்தவர்களோ இடத்தைவிடப் பன்மடங்கு. எனவே 1742இல் குலுக்கல் முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கையை விட்டுப் பந்தொன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்தென்றால், நோயற்ற குழந்தை ஏற்கப்படும். சிவப்பென்றால் காத்திருக்க வேண்டும். கறுப்பென்றால் குழந்தையுடன் திரும்ப வேண்டும். செல்வச் சீமாட்டிகள் இதனைப் பார்வையிட வந்து நின்றனர். ஏழைத் தாயின் நடுங்கும் கையும் சீமாட்டியின் பட்டாடையும் ஒரே அறையில்! 18ஆம் நூற்றாண்டை விளக்க இதைவிடச் சிறந்த காட்சி எனக்குத் தெரியவில்லை.

அதே இல்லத்தின் நிதிக்காக இசைமேதை ஹன்டல் 1750இல் தமது ‘மெசையா’வை அங்கு நடத்தினார்.

கற்பனை

ஒற்றிஸ் காடினர் ஊர் ஊராகத் திரியும் வியாபாரி. குழந்தையைக் கோரம் இல்லத்தில் சேர்ப்பதாகக் கூறித் தாய்மாரிடம் பணம் வாங்குவான், சேர்ப்பதில்லை. குழந்தைகள் வழியிலேயே புதைக்கப்படுகின்றனர். புதைக்கும் வேலை அவனுடைய மகன் மெஷாக்குக்கு. மறுபுறம், ஆஷ்புறூக் மாளிகையின் வாரிசு அலெக்சாண்டர். இசையே உயிரென்றிருக்கும் அவனைத் தந்தை தடுக்கிறார். அவனுடைய நண்பன் தோமஸ் ஏழைத் தச்சனின் மகன். அலெக்சாண்டரின் குழந்தையை மெலிசா பெற்றெடுக்க, வீட்டு நிர்வாகி லிஞ்ச் அம்மையார் அதனை ஒற்றிஸிடம் ஒப்படைக்கிறாள். மெஷாக் தந்தைக்குத் தெரியாமல் அக்குழந்தையைக் காப்பாற்றிக் கோரம் இல்லத்தில் சேர்க்கிறான். அவனே ஆரன்.

கவனிக்க வேண்டியது

ஏழைப் பெண் குழந்தையைக் கைவிடுவது வறுமையால். மாளிகை அதனை மறைப்பது மானத்துக்கு அஞ்சி. காரணங்கள் வேறு, போய்ச்சேரும் கை ஒன்றே. ஒற்றிஸ் என்னும் கற்பனை மனிதனை ஆசிரியை படைத்ததன் பயன் இதுதான்: ஒருவரையொருவர் முகங்கொடுத்துப் பாராத இரு வர்க்கத்தையும் அவன் மூட்டைக்குள் ஒன்றாகக் கட்டிவிடுகிறான்.

அவன் முழுக் கற்பனையும் அல்லன். 1756 முதல் 1760 வரை எல்லாக் குழந்தைகளையும் ஏற்கும்படி அவ்வில்லம் பணிக்கப்பட்டது. அக்காலத்தில் கூலிக்குக் குழந்தைகளை இலண்டனுக்குச் சுமந்துவந்தோர் இருந்தனர். வழியிலேயே இறந்த சிசுக்கள் பல. ஏறத்தாழ 15,000 பேர் சேர்க்கப்பட்டு 10,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். கதை நிகழ்வது 1741இலும் 1750இலும் ஆதலால், பிற்காலக் கொடுமையை ஆசிரியை சற்று முன்னகர்த்தியிருக்கிறார் என்றே கொள்ளலாம். இதனை விடையில் எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

ஆரனின் தோழன் ரோபியை மறந்துவிடாதீர்கள். அடிமைக் கப்பலிலிருந்து வந்த ஆபிரிக்கக் குழந்தை அவன். பின்னர் செல்வந்தர் வீட்டில் அழகுடுத்திய வேடிக்கைப் பொருளாக நிறுத்தப்படுகிறான். கறுப்பினச் சிறுவர்களை அவ்வாறு வைத்திருப்பது அன்றைய மாளிகைகளில் நாகரிகம். அச்செல்வத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தச் சிறுவனே சாட்சி.

பயிற்சி வினா

“தோமஸுக்குக் கிடைத்த சுதந்திரம் அலெக்சாண்டருக்குக் கிடைக்கவில்லை.” இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? இருவரின் குடும்பப் பின்னணியையும் இசையையும் தொடர்புபடுத்தி எழுதுக.