ரைசருக்கு மின்சாரம் வரும் வழி

கிராபிக்ஸ் கார்டு ஒன்று மதர்போர்டில் நேராக அமர்ந்திருக்கும்போது, அதற்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி, மேலே தனியாக வந்து சேரும் கம்பிகளின் வழியாக அல்லாமல், அது அமர்ந்திருக்கும் ஸ்லாட்டின் வழியாகவே ஏறி வருகிறது என்பதைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு ஏற்படுவதில்லை. விதிப்படி அந்தப் பகுதி 75 வாட் வரை இருக்கலாம், அதிலே 12 வோல்ட் பாதையில் ஐந்தரை ஆம்பியர், அதாவது 66 வாட், மிச்சம் 3.3 வோல்ட் பாதையில். கிரிப்டோ நாணயம் ஈட்டப் பல கார்டுகளைச் சேர்த்து மைனிங் ரிக் கட்டுகிறவர் கார்டை மதர்போர்டிலிருந்து பிரித்து, தள்ளி ஒரு சட்டத்தில் நிறுத்தி, இடையில் ரைசர் என்னும் சிறு பலகையை வைத்த கணத்தில், அதுவரை மதர்போர்டு சுமந்து வந்த அந்தப் பொறுப்பு முழுவதும் ரைசரின் ஓரத்திலுள்ள ஒரே ஒரு மின் கனெக்டரின் தலையில் வந்து விழுகிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் யு.எஸ்.பி. கேபிள் தகவலை மாத்திரமே சுமக்கிறது. கார்டுக்கு உணவு அந்த வழியில் போவதில்லை.

சில ஆண்டுகள் எனக்காகவும் நண்பர்களுக்காகவும் இத்தகைய ரிக்குகளைக் கட்டியும் பழுது பார்த்தும் வந்ததில் நான் கண்டது இது: விலையுயர்ந்த கார்டு கெட்டுப்போவது அபூர்வம், பவர் சப்ளை வெடிப்பதும் அபூர்வம், கருகி, உருகி, அறை முழுவதும் பிளாஸ்டிக் நாற்றம் பரப்பியவை அநேகமாக எல்லாமே ரைசருக்கு மின்சாரம் கொடுத்த சாட்டா கனெக்டர்கள்தாம். ஒரு நண்பரின் வீட்டு மாடியறையில் நான் கழற்ற முயன்ற ஒரு சாட்டா முனை, தன் ஜோடியோடு ஒன்றாய் உருகி ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வராமல், கடைசியில் கத்தரியால் வெட்டி எடுக்கும்படி ஆயிற்று; அதற்குப் பக்கத்திலிருந்த கார்டோ ஒன்றுமறியாததுபோல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

சாட்டா மீது குற்றமில்லை. அது ஹார்டு டிஸ்க்குக்காகப் பிறந்தது. ஹார்டு டிஸ்க் என்பது சுழலத் தொடங்கும் சில விநாடிகள் மட்டும் இரண்டு ஆம்பியர் அளவில் கேட்டுவிட்டு, பிறகு சொற்ப வாட்டில் சாந்தமாக ஓடும் பிராணி. சாட்டா மின் கனெக்டரின் பதினைந்து தட்டையான மெல்லிய பின்களில் மூன்றுதான் 12 வோல்ட்டுக்கு உரியவை. பின் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர். ஆக நாலரை ஆம்பியர், 54 வாட். ஸ்லாட் கேட்கக்கூடியது 66. சாட்டா கொடுக்கக் கடமைப்பட்டது 54. கணக்கு இங்கேயே இடிக்கிறது. ஐந்தரை ஆம்பியரை மூன்று பின்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டாலே ஒவ்வொன்றும் தன் அளவைத் தாண்டி 1.83 ஆம்பியர் சுமக்கிறது. தொடும் இடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், அனுமதித்த வெப்பத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. மூன்றில் ஒரு பின் சரியாகத் தொடாமல் போய்விட்டால் மற்ற இரண்டின் வெப்பமும் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது.

“என் ரிக் சாட்டாவில்தான் மாதக்கணக்காக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்லுகிறவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பல கார்டுகள் தங்களுக்கு வேண்டியதில் பெரும்பங்கைத் தலைமேல் வரும் ஆறு பின் அல்லது எட்டு பின் இணைப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, ஸ்லாட்டிலிருந்து முப்பது நாற்பது வாட்டோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுகிறவர்களிடம் இன்னும் குறையலாம். ஆனால் நாற்பது வாட் வாங்கும் கார்டிலும் ஒரு பின் கைவிட்டால் மிச்சமிருக்கும் இரண்டும் அளவை மீறிவிடுகின்றன என்பதால், அந்த நிம்மதி சாட்டாவின் பலத்தினால் வந்ததல்ல, மூன்று மெல்லிய தகடுகளும் இன்றுவரை ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருப்பதனால் வந்தது. எல்லாக் கார்டுகளும் இப்படிச் சாதுவாக இருப்பதுமில்லை. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டின் பல மாதிரிகளுக்குத் தலைமேல் இணைப்பே கிடையாது. தனக்கு வேண்டிய முழுமையையும் அது ரைசரிலிருந்தே உறிஞ்சும். 2016 ஜூன் மாத இறுதியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 480 கார்டோ, ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கும் மேலே இழுக்கிறது என்று சோதித்தவர்கள் அளந்து காட்ட, அடுத்த மாதமே புதிய டிரைவர் வெளியிட்டு அதைத் திருத்த வேண்டியதாயிற்று. மைனிங்கில் அதிகம் புழங்கிய கார்டுகளுள் அதுவும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்கூட ஏமாறும் இடம் வேறொன்று உண்டு. நான் இந்தக் கட்டுரையை எழுத முனைந்ததே அதற்காகத்தான். ரைசரின் பலகையில் ஆறு பின் சாக்கெட் இருக்கிறது. பார்த்தவுடன் மனசுக்கு நிம்மதி ஏற்படுகிறது. ஆனால் ரைசரோடு கூட அந்தப் பெட்டியில் வரும் சிறிய கேபிளை எடுத்துப் பாருங்கள்: ஒரு முனை ஆறு பின், மறுமுனை சாட்டா. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் அதையே ஒரு விசேஷமாக எடுத்துக் காட்டி, “சிக்ஸ் பின்னே வந்துடுது சார், பயமே இல்ல” என்றார். அவர் சொன்னதில் முதற்பாதி உண்மை. முன்னால் கோபுரமும் பின்னால் ஓலைக்கொட்டகையுமாக இருக்கும் இந்த அமைப்பில், மின்சாரம் எந்தக் கனெக்டரில் போய்ச் சேருகிறது என்பதைவிட, பவர் சப்ளையின் வயிற்றிலிருந்து புறப்பட்டு எந்தெந்த வாசல்களைக் கடந்து வருகிறது என்பதே பிரதானம். அவற்றுள் மிகக் குறுகிய வாசல் எதுவோ அதுவே முழுப்பாதையின் அளவு. ஆகவே ரைசர் வாங்குமுன் அதன் சாக்கெட்டைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லுவது, உங்கள் பவர் சப்ளையில் எத்தனை ஆறு பின் கேபிள்கள் மிச்சமிருக்கின்றன என்பதை முதலில் எண்ணிவிட்டு வாருங்கள் என்பதுதான்.

ஆறு பின் கேபிள் நேராகப் பவர் சப்ளையிலிருந்து வருமானால் அதற்கு நிகர் இல்லை. விதி அதற்கு 75 வாட் என்று சொன்னாலும், அதன் உலோக முனைகள் அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் தாங்க வல்லவை. கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்வதால் விசிறிகளின் அதிர்வில் தளர்வதும் இல்லை. அத்தகைய கேபிள்கள் எண்ணிக்கையில் போதாதபோது மோலெக்ஸ் உண்டு. பழைய காலத்து நாலு பின் மோலெக்ஸில் 12 வோல்ட்டுக்கு மஞ்சள் கம்பி ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அந்த ஒற்றை உருண்டைப் பின் சாட்டாவின் மூன்று தகடுகளையும் சேர்த்ததைவிடத் திடமானது. ஐந்தரை ஆம்பியரைச் சிரமமின்றித் தாங்கும். அதன் குறை தளர்ச்சி. பலமுறை கழற்றி மாட்டிய மோலெக்ஸில் உள்ளிருக்கும் குழாய் அகன்று, பின் சாய்ந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். அப்படிப்பட்டதை நான் ஈவிரக்கமின்றிக் குப்பையில் போட்டுவிடுவேன்.

மோலெக்ஸோ சாட்டாவோ, ஒரே கேபிளில் மாலைபோல மூன்று நான்கு முனைகள் தொடுத்து வருவது வழக்கம். எல்லா முனையிலும் ஒவ்வொரு ரைசரை மாட்டிவிட ஆசை எழுவது இயற்கை. ஆனால் முனைகள் நான்கானாலும் அவற்றுக்குப் பின்னால் ஓடும் மஞ்சள் கம்பி ஒன்றுதான். மோலெக்ஸ் கேபிளானால் இரண்டு ரைசர், அதுவும் கம்பி 18 ஏ.டபிள்யு.ஜி. கனமுள்ளதானால் மட்டும், என்பது நான் கைக்கொண்ட பிரமாணம். இந்த அளவில் எண் பெருகப் பெருகக் கம்பி மெலிகிறது என்பதை மறக்கலாகாது. மலிவான மாற்றுக் கேபிள்களில் தடித்த உறைக்குள்ளே 22 கனத்தில் நூல்போன்ற தாமிரத்தை வைத்து அனுப்புகிறார்கள்.

கனெக்டரின் ஆம்பியர் அளவு என்பது, அத்தனை மின்னோட்டத்தில் அது சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 30 டிகிரி சூடேறும் என்ற கணக்கில் சொல்லப்படுவது வழக்கம். குளிர்ந்த தேசத்துக் கிடங்கில் இது சாதாரண விஷயம். சித்திரை வெயிலில், கார்டுகளின் மூச்சுக்காற்றும் சேர்ந்து 40 டிகிரிக்குக் குறையாத நம்மூர் அறையில், அதே கனெக்டர் விதியை மீறாமலே 70 டிகிரியை எட்டிவிடும். அதுவும் ஓய்வு ஒழிவின்றி, இரவும் பகலும். எனவே எந்தக் கனெக்டரையும் சொன்ன அளவில் எண்பது சதவீதத்துக்குமேல் உபயோகிப்பதில்லை என்று வைத்துக்கொள்வது நம் சீதோஷ்ணத்துக்கு மிகையாகாது. ரிக் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒவ்வொரு முனையையும் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு இருந்தால் பாதகமில்லை, விரல் நிற்கவில்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கி, ரைசருக்குப் போகும் மஞ்சள் கம்பிகளை மட்டும் சேர்த்து அதன் வாய்க்குள் வைத்து ஆம்பியரை நேராகப் படித்துக்கொள்ளலாம். டி.சி. அளக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டு ஒயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன்களிடம் இருப்பது பெரும்பாலும் ஏ.சி. மட்டுமே அளப்பது, இங்கே பூஜ்யம் காட்டும்.

இரண்டு பவர் சப்ளை வைத்து ஓட்டுகிறவர்கள், ஒரு கார்டுக்கும் அதன் ரைசருக்கும் ஒரே பவர் சப்ளையிலிருந்து கொடுக்க வேண்டும். ரைசரில் மூன்று வகைச் சாக்கெட்டும் இருந்தால் ஒன்றைத்தான் உபயோகிக்க வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளையானால், ஒரு கம்பெனியின் கேபிளை மற்றொரு கம்பெனியின் பெட்டியில் சொருகவே கூடாது. அந்தப் பக்கத்துப் பின் அமைப்புக்குப் பொது விதி ஏதும் இல்லாததால், 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து நிற்கலாம். பிராசஸருக்கான எட்டு பின் கேபிளைக் கார்டின் எட்டு பின்னோடு குழப்பிக்கொள்வதும் அப்படியே; இரண்டிலும் மின்னும் தரையும் இடம் மாறியிருக்கின்றன.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈதீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகளால் மைனிங் செய்வதை நிறுத்திவிட்ட பிறகு, கலைக்கப்பட்ட ரிக்குகளின் ரைசர்கள் மூட்டை மூட்டையாக மலிவு விலைக்கு வந்தன. இன்று வீட்டில் பல கார்டுகளைச் சேர்த்துச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஓட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் அவற்றையே தேடி வாங்குகிறார்கள். வாங்கலாம், தவறில்லை. பலகையைத் திருப்பி, மின் சாக்கெட்டின் அடியில் ஈயம் பழுப்பேறியிருக்கிறதா, வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அப்படி இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நன்றாயிருந்தால் பலகையையும் யு.எஸ்.பி. கேபிளையும் எடுத்துக்கொண்டு, கூடவே கொடுக்கும் அந்தச் சாட்டா மாற்றுக் கேபிளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதே நான் செய்வது.