உள்ளங்கை முதலில் அறிந்தது

மாணவர்களே, மேசையில் நான்கு சீட்டுக்கட்டுகள் இருக்கின்றன. உங்கள் கையில் 2,000 டாலர் விளையாட்டுப் பணம். எந்தக் கட்டிலிருந்தும் ஒவ்வொன்றாகச் சீட்டு எடுக்கலாம். இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 100 டாலர் கிடைக்கும். மற்ற இரண்டில் 50 தான். எதை எடுப்பீர்கள்?

அவசரப்படாதீர்கள். இடையிடையே அபராதமும் உண்டு. 100 டாலர் கட்டில் பத்துச் சீட்டு எடுத்தால் வரவு 1,000, அபராதம் 1,250. கையை விட்டுப் போவது 250. மற்ற கட்டுகளில் வரவு 500, அபராதம் 250. அங்கே 250 மிச்சம். ஆடுபவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்த்வான் பெஷாரா, அந்தோனியோ டமாசியோ குழுவினர் 1994-இல் அறிமுகப்படுத்திய சோதனை இது. பின்னர், ஆடுபவரின் தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையும் அளந்தார்கள். பதற்றம் வந்தால் உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வியர்வை சுரக்கும். மின்சாரம் எளிதாகப் பாயும்.

1997-இல் வெளியான முடிவு வியப்பானது. ஏறக்குறைய பத்துச் சீட்டுகளுக்குப் பிறகு, நட்டக் கட்டை நோக்கிக் கை நீளும்போதே தோல் எச்சரித்தது. "இதில் ஏதோ சரியில்லை" என்று அவர்கள் வாயால் சொன்னதோ 50-ஆவது சீட்டு வாக்கில்தான். காரணத்தை விளக்க 80 சீட்டுகள் தேவைப்பட்டன. சிலர் கடைசிவரை விளக்கவே இல்லை. ஆனாலும் நல்ல கட்டையே எடுத்தனர்.

கண்களுக்கு மேலே, மூளையின் முன்பகுதியில் பாதிப்புள்ளவர்களும் ஆடினர். அவர்களுக்கு அறிவுத்திறனில் குறையில்லை. ஆனால் சீட்டை எடுக்குமுன் வரவேண்டிய அந்த எச்சரிக்கை வரவில்லை. எந்தக் கட்டு மோசம் என்று சரியாக விளக்கியவர்கள்கூட, அதையே மீண்டும் எடுத்தனர்! எனக்கு இந்த ஆய்வில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

இதற்கு மறுப்பும் வந்தது. கேள்விகளை நுணுக்கமாகக் கேட்டால், ஆடுபவர்கள் முன்னதாகவே ஓரளவு அறிந்திருப்பது தெரியும் என்று 2004-இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினர்.

எல்லா உணர்ச்சியும் எச்சரிப்பதும் இல்லை. பயந்தவர்கள் ஆபத்தைப் பெரிதாகவும், கோபக்காரர்கள் சிறிதாகவும் மதிப்பிடுவதை ஜெனிபர் லெர்னர், டாச்சர் கெல்ட்னர் இருவரும் 2001-இல் வெளியிட்டனர். கோபம் வந்தால் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருப்பதுபோலத் தோன்றிவிடுமாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கும் அண்ணனை நினைத்துப் பாருங்கள். முன்னால் லோரி போகிறது, எதிரே ஒரு கார் வருகிறது. "முந்திவிடலாம்" என்றுதான் அவருக்குத் தோன்றும்.