மண்ணில் இறங்கும் மழை

தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்று பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1925ஆம் ஆண்டு மறைந்த ஊர் அது. இத்தகைய ஊர்கள் நகரச் சாயல் பெறும்போது தெருக்களும் முற்றங்களும் சிமெண்டுத் தளங்களாக மாறுகின்றன. முன்பு மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், இறங்க இடமின்றித் தெருவில் ஓடுகிறது. அதனை விரைந்து ஊருக்கு வெளியே அனுப்புவதே வடிகாலின் பணி எனப் பலர் கருதுவர். தருமபுரியைப் பொறுத்தவரை அக்கருத்து முழுமையானதன்று. அதற்குரிய காரணம் நிலத்தின் அடியில் இருக்கிறது.

இம்மாவட்டத்தின் நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறையால் ஆனது. அப்பாறையில் உள்ள சில கனிமங்களில் புளோரைடு கலந்துள்ளது. பாறையின் வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது புளோரைடு சிறிது சிறிதாக அதில் கரைகிறது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. அளவு மிகுந்த நீரைத் தொடர்ந்து அருந்தும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, முதுகு வளையவும் கூடும். புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும்.

இக்கொடுமையைத் தணிக்கவே, ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாயிற்று. 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தூய்மையாக்கி வழங்குகிறது. ஆயினும் குழாயில் நீர் வராத நாளில் மக்கள் நாடுவது கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையுமே.

மழைநீரில் புளோரைடு இல்லை என்றே கூறலாம். அது மண்ணில் இறங்கி நிலத்தடி நீருடன் கலக்கும்போது புளோரைடின் செறிவு குறைகிறது. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரை ஒன்றில் மட்டும் ஓராண்டில் 85,000 லிட்டர் நீர் விழுகிறது. சிதறுவதும் ஆவியாவதும் போக அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அமைப்பு இருந்தும் குழாய் உடைந்தோ குழி தூர்ந்தோ கிடந்தால் சட்டத்தால் பயனில்லை.

ஓடும் நீரெல்லாம் ஒரே தன்மையுடையதன்று. கூரைநீரை, முதல் மழையின் தூசு கழிந்தபின், மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய தொட்டி வழியே கிணற்றில் சேர்க்கலாம். தெருநீரோ வண்டி எண்ணெயையும் சாணத்தையும் குப்பையையும் அடித்து வருவது. அதனை ஆழ்துளைக் கிணற்றில் நேரே விட்டால், புளோரைடைக் குறைக்கப் புகுந்து நோய்க்கிருமியை வரவழைத்த கதையாகிவிடும். அது முதலில் தேங்கித் தெளிந்து, மண்ணின் வழியே மெல்லக் கசிய வேண்டும். அப்பணியைச் செய்ய ஏரியும் குளமும் உதவுகின்றன.

வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடும் இடங்களில் இவ்வமைப்பு முழுவதும் கெடுகிறது. அவ்வடிகால் சென்று சேரும் ஏரி ஆகாயத்தாமரை மண்டிய சாக்கடையாகும். அதன் கசிவை நம்பிய கிணறுகளும் பாழாகும். சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதைகள் உள்ளன. அதனால்தான் அந்நாட்டு நிலப்பரப்பின் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழையை நீர்த்தேக்கங்களில் திரட்டிக் குடிநீராக்க முடிகிறது. அத்தனை செலவு பேரூராட்சிக்கு இயலாது. ஆனால் வீட்டுக் கழிவுநீரை வீட்டளவிலேயே உறிஞ்சுகுழியில் விடுவதும், அக்குழியைக் கிணற்றிலிருந்து போதிய தொலைவில் அமைப்பதும், மழைக்காலத்திற்கு முன்பே ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதும் சிற்றூரும் செய்யக்கூடியவை.