கண்டதும் கேட்டதும்

‘ராமு வந்தான்’, ‘ராமு வந்தானாம்’ என்னும் இரண்டு வாக்கியங்களையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதைச் சொல்பவர் செய்திக்குத் தாமே பொறுப்பேற்கிறார். இரண்டாவதைச் சொல்பவரோ, ‘பிறர் சொல்லக் கேட்டேன், அவ்வளவுதான்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார். ‘ஆம்’ என்ற சிறு ஒட்டு செய்யும் வேலை இது!

வட அமெரிக்கப் பழங்குடியினரான அரப்பஹோ மக்களின் மொழியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இவர்களுள் வடபிரிவினர் வயோமிங் மாநிலத்தில் விண்ட் ரிவர் என்னுமிடத்திலும், தென்பிரிவினர் ஓக்லஹோமாவிலும் வாழ்கின்றனர். இவர்களது மொழி அல்கான்கியன் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் ஒரு வாக்கியத்தில் சொல்வதை அவர்கள் பெரும்பாலும் நீண்ட வினைச்சொல் ஒன்றிலேயே அடக்கிவிடுவார்கள்.

‘நிஹ்நொ’உஸேத்’ என்றால் ‘அவன் வந்து சேர்ந்தான்’ என்று பொருள். முன்னால் நிற்கும் ‘நிஹ்’ சாதாரண இறந்தகாலத்தைக் காட்டும். தாம் கண்டதையும் பட்டதையும் சொல்வதற்கு இதுவே போதும். ஆனால் ‘ஹெ’இஹ்நொ’உஸே’ என்றால் ‘வந்து சேர்ந்தானாம்’. பழங்கதைகள் முழுவதும் இந்த ‘ஹெ’இஹ்’ வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு சொற்களின் முடிவையும் கவனித்தீர்களா? இரண்டாவதில் ‘த்’ இல்லை. இது எழுத்துப் பிழை அன்று. ‘ஹெ’இஹ்’ வந்தால் வினையின் விகுதியும் மாறிவிடுகிறது. ‘வரவில்லை’ என்று மறுக்கும்போதும், ‘வந்தானா?’ என்று வினவும்போதும் எந்த வகை விகுதிகள் வருமோ, அவையே கதையிலும் வருகின்றன. மறுப்பிலும் வினாவிலும் பேசுபவர் ‘இது நடந்தது’ என்று அடித்துச் சொல்வதில்லை அல்லவா? கேட்ட கதையைச் சொல்பவரும் அப்படித்தான். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

இனி அன்றாடப் பேச்சுக்கு வருவோம். அங்கே யாரும் ‘இதோ கதை சொல்கிறேன்’ என்று தொடங்குவதில்லை. ஒரு முதியவர் குதிரை வாங்கச் சென்ற செய்தியைப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘நிஹ்’, ‘நிஹ்’ என்று பேச்சு ஓடுகிறது. நடுவில் தம் பாட்டனாரின் காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. உடனே ‘ஹெ’இஹ்’ தலைகாட்டும். கேட்பவர்களுக்கு அந்த ஓர் அசையே போதும். இனி வருவது இவர் கண்டதன்று, வழிவழியாக வந்தது என்று புரிந்துகொள்வார்கள்.

டார்சி, க்ரோபர் என்ற இரு மானிடவியலறிஞர்கள் அரப்பஹோ கதைகளைத் தொகுத்து 1903-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டனர். ‘நிஹ்’ஓத்தோ’ என்னும் தந்திரக்காரனின் குறும்புகளை அதில் காணலாம். (இச்சொல்லுக்குச் சிலந்தி என்றும், வெள்ளைக்காரன் என்றும்கூடப் பொருள் உண்டு!) ஆனால் கதைகள் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாயின. ஆங்கில வினைச்சொல் கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்துவதில்லை. ஆகவே மூலக்கதையில் அடிக்கு அடி ஒலித்திருக்கக்கூடிய ‘ஆம்’, அச்சில் காணாமற்போயிற்று.

கொலராடோப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கவலும், அரப்பஹோ மொழி பேசுபவரான அலான்ஸோ மாஸும் சேர்ந்து எழுதிய விரிவான இலக்கணம் 2008-இல் வெளிவந்தது. தனி ஒருவர் ஒலிவாங்கியின் முன் சொன்ன கதைகளோடு நில்லாமல், பலர் கூடிப் பேசும் உரையாடல்களையும் கவல் படக்கருவியால் பதிவு செய்தார். படம் எதற்கு என்கிறீர்களா? சமவெளிப் பழங்குடியினர் பலருக்குப் பொதுவாக ஒரு சைகை மொழி இருந்தது. அதன் சாயல் கொண்ட கையசைவுகளை ஒலிநாடா பதிவு செய்யாது. யார் எப்போது தலையசைத்தார், யார் கதையைத் தொடர்ந்தார் என்பதும் அதில் தெரியாது.

இம்மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள் இன்று பெரும்பாலும் முதியவர்களே. குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முயற்சியில், 1994-இல் ‘பாம்பி’ என்ற கேலிச்சித்திரப் படத்துக்கு அரப்பஹோ மொழியில் குரல் கொடுத்துத் திரையிட்டார்கள். விலங்குகளின் பெயர்களையும் நிறங்களையும் பட்டியலாக மனப்பாடம் செய்துவிடலாம். எந்த இடத்தில் ‘நிஹ்’ஷை விட்டு ‘ஹெ’இஹ்’ஷுக்கு மாறவேண்டும் என்பதற்கோ, பேசுகிறவர்கள் நடுவே உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.