சொந்த ஆல்பம், சொந்த சிடி: சில தப்பெண்ணங்கள்

வீட்டில் பதிவு செய்த பாட்டெல்லாம் மிக்ஸிங் முடிந்து தயார். இனி சிடியாக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெயரோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்தே கைமாறும். அவற்றில் சில, 1990-களில் உண்மையாக இருந்தவை. மற்றவை எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

“பதிவு செய்த மென்பொருளே சிடியும் போட்டுவிடும்.”

பல மென்பொருள்கள் போடாது. ஆடாசிட்டி இலவசம், வெட்டவும் ஒட்டவும் அருமையானது. ஆனால் அதில் சிடி எழுதும் வசதியே கிடையாது. பாட்டுகளை வேவ் ஃபைல்களாக எடுத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. எழுதுவதற்கு விண்டோஸில் இம்ஜ்பர்ன், சிடிபர்னர்எக்ஸ்பி, லினக்ஸில் கே3பி என்று வேறொன்றைத் தேடிப்போக வேண்டும். ரீப்பர் போன்ற சில மட்டும் பதிவு முதல் சிடி வரை ஒரே இடத்தில் முடித்துத் தரும்.

“பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி மௌனம், அது சிடியின் விதி.”

நல்ல ஆல்பங்களைக் கெடுப்பதில் இந்த நம்பிக்கைக்குத்தான் முதலிடம். பிலிப்ஸும் சோனியும் 1980-இல் வகுத்த ‘ரெட் புக்’ விதிப்படி, முதல் ட்ராக்குக்கு முன்னால் மட்டும்தான் இரண்டு விநாடி கட்டாயம். மற்ற இடங்களில் இடைவெளி பூஜ்யமாகவே இருக்கலாம். பிறகு இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சிடி எழுதுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒவ்வொரு ட்ராக்கையும் எழுதி முடித்ததும் லேசரை நிறுத்தி, அடுத்ததை மறுபடி தொடங்குவது ‘ட்ராக் அட் ஒன்ஸ்’. நிறுத்திய இடத்தில் இடைவெளி விழும். தொடக்கம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் எழுதுவது ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’. முதல் முறையிலேயே பழகியவர்கள் அதன் குறையை விதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

தனித்தனிப் பாட்டுகள் என்றால் இரண்டு விநாடியால் குடி முழுகிவிடாது. கச்சேரிப் பதிவில்தான் வினை. ராகம், தானம், பல்லவி மூன்றுக்கும் தனித்தனி ட்ராக் எண் கொடுத்தால், தானத்தை நேரே தேடிப்போய்க் கேட்கலாம். தனி ஆவர்த்தனத்துக்கும் ஒன்று கொடுத்தால் மிருதங்க ரசிகர்கள் வாழ்த்துவார்கள். (அதைத் தாண்டிப் போக நினைப்பவர்களும்தான்.) ஆனால் தானம் தொடங்கும் இடத்தில் தம்பூரா இரண்டு விநாடி செத்துப் பிழைத்தால், அதுவரை பாடகர் கட்டி எழுப்பியதெல்லாம் போயிற்று.

இடைவெளியைப் பூஜ்யமாக்கிய பிறகும் சில சமயம் ட்ராக் மாறும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். டிரைவைத் திட்டுவோம்; கோளாறு கணக்கில் இருக்கும். சிடியில் ஒரு விநாடி என்பது 75 ஃபிரேம்கள். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்பதால், ஒரு ஃபிரேமுக்கு 588. புது ட்ராக் ஒரு ஃபிரேமின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்க முடியும். கண்ட இடத்தில் வெட்டிய ஃபைல் 588-ஆல் மீதியின்றி வகுபடாது. கடைசி ஃபிரேமில் மிஞ்சிய இடத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பிவிடும். அந்தத் துளி மௌனம்தான் ‘டக்’. ஆடாசிட்டியில் நேர அளவை சிடி ஃபிரேமுக்கு மாற்றி, வெட்டும் கோடு அதிலேயே போய் நிற்கும்படி வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது, வெட்டாமலேயே விட்டுவிடும் வழி. முழுக் கச்சேரியும் ஒரே வேவ் ஃபைல். எந்த நிமிடம், எந்த விநாடி, எந்த ஃபிரேமில் எந்த ட்ராக் தொடங்குகிறது என்று சொல்லும் ‘கியூ ஷீட்’ ஒன்று. நோட்பேடிலேயே எழுதிவிடலாம். இம்ஜ்பர்ன் அதைப் படித்து அப்படியே சிடியாக்கும். ஆகவே எந்த மென்பொருளானாலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: டிஸ்க் அட் ஒன்ஸ் உண்டா, இடைவெளியை ட்ராக் வாரியாக மாற்ற முடியுமா? இல்லையென்றால் மற்ற அலங்காரங்களைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

“700 எம்பி சிடி, எம்பி3-ஆகக் கொடுத்தால் நிறையப் பாட்டு பிடிக்கும்.”

டேட்டா சிடியில் பிடிக்கும். ஆடியோ சிடிக்கு எம்பி கணக்கே கிடையாது, நிமிடக் கணக்குதான்: 80 நிமிடம். எம்பி3-ஐக் கொடுத்தாலும் மென்பொருள் அதை விரித்து, 16 பிட், 44,100 ஆக்கித்தான் எழுதும். இடமும் மிச்சமாகாது, சுருக்கும்போது போன ஒலியும் திரும்பாது. 24 பிட்டில் பதிவு செய்தவர்கள் மாஸ்டரிங் முடியும்வரை அதிலேயே வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை ‘டிதர்’ என்னும் மெல்லிய இரைச்சலைச் சேர்த்து 16-க்கு இறக்க வேண்டும். அந்த வேலையை சிடி எழுதும் மென்பொருளின் தலையில் கட்டாமல் நாமே செய்து கொடுப்பது நல்லது.

“நார்மலைஸ் தட்டினால் எல்லாம் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும்.”

சாதாரண நார்மலைஸ் பார்ப்பது உச்சத்தை மட்டும். மிருதங்கத்தில் ஒரே ஓர் அடி உச்சத்தைத் தொட்டிருந்தால், அந்த ட்ராக் இருந்த இடத்திலேயே இருக்கும்; அமைதியான ஆலாபனையை நார்மலைஸ் பிடித்து மேலே தூக்கும். பிறகு கேட்டால் ஆலாபனை அதட்டும், தனி ஆவர்த்தனம் ஒதுங்கி நிற்கும், ட்ராக் மாறும் இடத்தில் சுருதியின் சத்தம் குதிக்கும். விண்டோஸ் மீடியா பிளேயரின் ஒலிச் சமன், ஐடியூன்ஸின் ‘சவுண்ட் செக்’ ஆகியவை காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளைக் கலந்து ஒரு சிடி போடுபவர்களுக்கு உதவும். சொந்த ஆல்பத்துக்கு இவற்றை அணைத்துவிட்டு, தொகுக்கும்போதே காதால் கேட்டு அளவு வையுங்கள்.

“எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு தரம்.”

அந்தக் காலத்துக் கணினி டேட்டாவைத் தொடர்ந்து ஊட்ட முடியாமல் திணறினால் சிடி பாழாகும். அதனால் மெதுவாக எழுதினார்கள், நியாயம்தான். 2000 வாக்கில் சான்யோவின் ‘பர்ன் ப்ரூஃப்’ வந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. பிற்கால சிடிகளின் சாயப்பூச்சு வேகமாக எழுதுவதற்கென்றே ஆனது. மிக மெதுவாக எழுதினால் பிழை கூடவும் வாய்ப்புண்டு. 16 மடங்கு வேகம் போதும்.

“பழைய மென்பொருள் உதவாது.”

இம்ஜ்பர்னின் கடைசிப் பதிப்பு வந்தது 2013-இல். அது எழுத வேண்டிய ரெட் புக் சிடியோ இன்றும் அதேதான்.

“கணினியில் போட்டால் பெயர் காட்டுகிறது, காரிலும் காட்டும்.”

கணினி காட்டும் பெயர்கள் பெரும்பாலும் சிடியில் இருப்பவையல்ல. ட்ராக்குகளின் நீளத்தை வைத்து இணையத்திலுள்ள தரவுத்தளத்தில் தேடி எடுத்தவை. காரில் தெரிய வேண்டுமானால் ‘சிடி டெக்ஸ்ட்’ எழுதும் மென்பொருள் வேண்டும். கார் பிளேயருக்கும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 1996-இல் வந்த அந்த ஏற்பாட்டில் லத்தீன் எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் உண்டு, தமிழுக்கு இடமில்லை. ‘கல்யாணி’யை ஆங்கில எழுத்தில்தான் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகளாலான ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் மென்பொருள் சிடியில் பதிக்கும். ஆனால் அந்தக் குறியீட்டை அதுவாகத் தராது, முறைப்படி பெற வேண்டும்.

ஆயிரம் பிரதி அச்சிட்டு வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. தொழிற்சாலைக்கு, வீட்டில் எழுதிய சிடியைவிட ‘டிடிபி’ ஃபைல் தொகுப்பாகக் கொடுப்பது பாதுகாப்பானது; வழியில் ஏதாவது கெட்டதா என்பதைச் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுத்துவிடும். இலவச எழுதிகள் பெரும்பாலும் கைவிடும் இடம் இதுதான். காசு செலவழிப்பதென்றால் இங்கே செலவழிக்கலாம். தனிநபருக்கு 60 டாலர் உரிமத்தில் கிடைக்கும் ரீப்பரே டிடிபி எழுதித் தரும். அனுப்புமுன் அதே தொகுப்பிலிருந்து ஒரு சிடி எழுதி, காரிலும் ஒரு பழைய பிளேயரிலும் போட்டு, ட்ராக் மாறும் இடங்களை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.